வாள்வீரர்கள் காற்றில் பறப்பது எப்படி?

சீன வாள்வீச்சுப் படங்களில் வீராங்கனை தரையிலிருந்து எழும்பிச் சுவரைத் தாண்டும் காட்சிகளை எல்லாம் கம்பியில் கட்டித் தூக்கியவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், 1966-இல் ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தையும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தையும் இயக்கிய கிங் ஹூ, பறத்தலைப் பெரிதும் படத்தொகுப்பில்தான் உருவாக்கினார். பாட்டும் சாகசச் சண்டையும் கலந்த சீன மேடைநாடகமான பீக்கிங் ஓபராவில் தேர்ந்த அவருடைய சண்டைப் பயிற்சியாளர் ஹான் யிங்-ஜியே, கேமராவின் பார்வைக்கு எட்டாத இடத்தில் டிராம்போலினை வைத்து நடிகர்களைத் துள்ளச் செய்தார்.

டிராம்போலினை விட்டு எழும்பிய உடல், வீசியெறிந்த எந்தப் பொருளையும் போல, பரவளையப் பாதையில்தான் செல்லும். 2 மீட்டர் எழும்பினால் ஏறி இறங்கச் சுமார் 1.3 நொடி ஆகும். அப்பாதையின் உச்சியில் செங்குத்து வேகம் சுழியாகிவிடுகிறது. எனவே உச்சியை நடுவில் வைத்து எட்டு ஃபிரேம்களை, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கை, மட்டும் எடுத்துக்கொண்டால், அதற்குள் உடலின் உயரம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர்தான் மாறியிருக்கும். முன்னோக்கிய வேகம் குறைவதில்லை என்பதால், அந்தத் துண்டில் நடிகை நேர்கோட்டில் பறப்பதாகவே தெரிகிறது. அதற்கு முன் கால் உந்தும் ஷாட்டையும், பின் கால் ஊன்றும் ஷாட்டையும் சேர்த்துவிட்டால், இடையில் இல்லாத தூரத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது.

‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தின் தொடர்ச்சியாக 1968-இல் வந்த ‘கோல்டன் ஸ்வாலோ’வில், முதல் படத்தின் நாயகி செங் பெய்-பெய் அதே வேடத்தில் நடித்தார். ஆனால் அதன் இயக்குநர் சாங் செ பறத்தலைவிடக் குருதி தெறிக்கும் வாள்சண்டையிலேயே கவனம் செலுத்தினார்.

ஆங் லீயின் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ 2000-இல் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. கணினியால் படத்தில் தெரியும் கம்பியை அழித்துவிட முடிந்ததால், அதன் சண்டைப் பயிற்சியாளர் யூன் வூ-பிங் மூங்கில் காட்டுச் சண்டையில் நடிகர்களைக் கிரேனில் தொங்கவிட்டு நீண்ட ஷாட்டுகளை அமைக்க முடிந்தது. கம்பி உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவதால் இறக்கம் மெதுவாகிறது. தொங்கும் உடலோ ஊசலாகிவிடுகிறது. 5 மீட்டர் கம்பியில் ஓர் அலைவுக்குச் சுமார் 4.5 நொடியும், 20 மீட்டர் கம்பியில் சுமார் 9 நொடியும் ஆகும். கிரேன் உயர உயர, அசைவு நிதானமாகி மிதப்பதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. இப்படத்தின் தொடர்ச்சியாக 2016-இல் வந்த படத்தை யூன் வூ-பிங்கே இயக்கினார்.

அழகில் மூங்கில் காட்டுக்கு ஈடில்லை என்றாலும், நம்பகத்தன்மையில் நான் கிங் ஹூவின் பக்கமே நிற்பேன். 2 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் நொடிக்கு 6 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் தரையைத் தொடுகிறார். அதைத் தாங்க முழங்கால் மடங்கியே ஆக வேண்டும். கம்பி மெல்ல இறக்கிவிடும் காலுக்கு அந்தத் தேவை இல்லை, கண் அதை உடனே கண்டுகொள்கிறது.