கிணற்றுக்குக் கிணறு ஒரு புள்ளி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரையே நம்பியிருக்கிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரத்தில், பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைத்திரேற்று என்னும் நைதரசன் சேர்ந்த உப்பு அதே கல்லின் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது.

ஆயிரக்கணக்கான கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகள் ஓர் இணைய இதழின் கைக்கு வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த முடிவுகள் அடங்கிய கோப்பை அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டால் போதும், மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் கோப்பின் முதல் இரண்டு வரிகளிலேயே கிடக்கலாம்.

ஒரு வரியில் 49 என்றிருக்கிறது, அடுத்ததில் 11. இரண்டும் லீற்றருக்கு மில்லிகிராம்தான். முதற் கிணறு நான்கு மடங்கு மோசம் என்று தோன்றும். ஆனால் ஓர் ஆய்வுகூடம் முழு நைத்திரேற்றின் எடையை எழுதும், இன்னொன்று அதிலுள்ள நைதரசனின் எடையை மட்டும் எழுதும். நைத்திரேற்றின் மூலக்கூற்று எடை 62, அதில் நைதரசனின் பங்கு 14. ஆகவே இரண்டாவது எண்ணை 4.43ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 11 என்பது ஏறக்குறைய 49 ஆகிறது. இரண்டு கிணற்றிலும் ஒரே நீர்! உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால், 50. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 50க்கு மேல் சிவப்பு, கீழே பச்சை என்று நிறம் தீட்டினால், நைதரசனாக 15 என்று பதிவான கிணறு பச்சையாகத் தெரியும். உண்மையில் அதன் அளவு 66. கோப்பில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் அதைப் பார்த்து ஒரு தாய் தவறாக நம்பிவிடுவாள்.

அடுத்தது வரைபடம். புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களை மென்பொருள் தானாகவே நிரப்பி, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வழுக்கிச் செல்லும் அழகான படம் ஒன்றைத் தந்துவிடும். அருகருகே உள்ள இடங்கள் ஒத்திருக்கும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. எங்கள் மண்ணில் அது பல இடங்களில் பொய்த்துப்போகும். நீர் இங்கே குகைகளையும் வெடிப்புகளையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்து வளவிலேயே உவர்க் கிணறு இருப்பதை ஊரில் யாரும் சொல்வார்கள். அளக்காத இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

சராசரியிலும் இதே ஆபத்துத்தான். ஒரு கிராம அலுவலர் பிரிவில் ஐந்து கிணறுகளின் அளவு 10, 12, 15, 18, 120 என்றால் சராசரி 35. பிரிவு முழுவதும் பச்சையாகிவிடும், 120 மறைந்துவிடும்.

அப்படியானால் ஒவ்வொரு கிணற்றையும் துல்லியமாகக் காட்டலாமா? இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. புள்ளியைக் காட்டுவது வீட்டைக் காட்டுவதாகும். காணி விலைப்படுமா, தோட்டத்து மரக்கறியை வாங்குவார்களா என்பதுவரை அது போகும். வெளிநாட்டு நிறுவனங்களின் பின்னால் இருந்தவர்களைக் காட்டி 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள் 1 கோடியே 15 இலட்சம் கோப்புகளாக இருந்தபோதும், அவற்றிலிருந்து பொதுமக்களுக்குத் திறந்த தரவுத்தளத்தில் வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, தொலைபேசி விவரங்கள் சேர்க்கப்படவில்லை. கிணறுகளுக்கு என் தெரிவு, ஒரு கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கிணறுகள் அளக்கப்பட்டன, எத்தனை 50ஐத் தாண்டின என்று காட்டுவது. எந்த மாதத்தில் எடுத்த நீர் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும், மழையோடு அளவு மாறும். வீட்டுக்காரருக்கு அவருடைய கிணற்றின் முடிவைத் தனியாகக் கொடுக்கலாம்.

பக்கத்தின் உச்சியில் நான் வைக்க விரும்பும் வரி கோப்பின் எந்தக் கட்டத்திலும் இல்லை. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி அடுப்பில் வைக்கிறோம். நைத்திரேற்று கொதித்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுகிறது.