வெளியே நிற்கும் அந்த அதிகாரி என்ன செய்கிறார்?

தீப்பிடித்த இடத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து அநேகமாக எப்போதும் ஒரு குரல் கேட்கும்: "அத்தனை பேரும் உள்ளே போறாங்க, இந்த ஆள் மட்டும் வாக்கி டாக்கியை வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறார் பாரு!" வீடு எரிந்துகொண்டிருப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஆனால் அப்படி நிற்பவர்தான் அந்த இடத்துக்கே பொறுப்பான அதிகாரி. அவரும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால், கட்டடம் முழுவதையும் பார்க்க வெளியே ஒருவர்கூட இருக்கமாட்டார்.

எங்கள் தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி கிளம்பினால் நிலைய அலுவலர் பொறுப்பு. அவருக்குக் கீழே முன்னணி தீயணைப்போர், அப்புறம் தீயணைப்போர்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திய பிறகு பம்பைப் பார்த்துக்கொள்வார், அதை விட்டு நகரமாட்டார். முதலில் வந்து சேரும் வண்டியின் அதிகாரி யாரோ, அவரே தலைமை. அவரைவிடப் பெரிய அதிகாரி வந்து, நேருக்கு நேர் நிலவரம் கேட்டுக்கொண்டு, "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அது மாறக் கூடாது. சொல்லாமலே கைமாறினால் இரண்டு பேரும் ஆளுக்கொரு உத்தரவு போடுவார்கள். உள்ளே இருக்கும் தீயணைப்போர் எதைக் கேட்பார்?

இறங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் மொத்த வேலையின் போக்கையும் முடிவு செய்கின்றன. முன்பக்கம் தெரியும் தீயை மட்டும் நம்ப முடியாது. முடிந்தவரை கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். பின்பக்க ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கலாம். பக்கத்து மொட்டைமாடியிலிருந்து ஏணி போட வழி இருக்கலாம். மூடிய ஷட்டரின் இடுக்கில் புகை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று கவனிக்க வேண்டும். இழுத்துக்கொண்டால், உள்ளே வெப்பம் ஏறிக் காற்றில்லாமல் திணறுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் யாராவது நல்லெண்ணத்தில் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தால், காற்று உள்ளே பாய்ந்து, தேங்கிய புகை மொத்தமும் பற்றி வெடிக்கும். தயவுசெய்து உடைக்காதீர்கள். எதை, எப்போது உடைப்பது என்பதை அதிகாரி சொல்லட்டும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஒரு தண்ணீர் வண்டியில் சுமார் 4500 லிட்டர் இருக்கும். பிராஞ்ச் என்பது ஹோஸின் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய். ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இரண்டு பிராஞ்சில் அடித்தால் ஐந்தே நிமிடத்தில் காலி. அடுத்த வண்டி வரும்வரை அந்தத் தண்ணீரை எங்கே செலவழிப்பது? மேலே ஆள் இருந்தால் மாடிப்படிக்குத்தான், யோசனையே இல்லை. ஆள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்து, கடையும் கைமீறிப் போயிருந்தால், பக்கத்துக் கடையின் சுவரை நனைக்கச் சொல்வார். "எரியுற கடையை விட்டுட்டு எரியாத கடைக்குத் தண்ணி அடிக்கிறீங்களே சார்" என்று உரிமையாளர் கதறுவார். கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அந்த முடிவால்தான் மிச்சத் தெரு தப்பிக்கும்.

வண்டிகள் நாலைந்து வந்துவிட்டால் ஒருவரே எல்லோரையும் நேரடியாக நடத்த முடியாது. ஒருவருக்குக் கீழே நேரடியாக மூன்று முதல் ஏழு பேர், ஐந்து பேர் என்றால் நல்லது என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. அதனால் இடத்தைப் பிரித்துக்கொள்வோம்: முன்பக்கத்துக்கு ஒருவர், பின்பக்கத்துக்கு ஒருவர், தண்ணீர் ஏற்பாட்டுக்கு ஒருவர். ஒரு தீயணைப்போருக்கு ஒரே ஒருவர்தான் உத்தரவு போடலாம். கவுன்சிலரோ காவல்துறை அதிகாரியோ ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தலைமை அதிகாரியிடம் சொல்லட்டும், ஹோஸ் பிடித்திருப்பவரின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

இப்படிப் பொறுப்பைப் பிரித்து நடத்தும் தலைமை முறை, உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். 1970-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது பல துறைகள் ஒன்றாக இறங்கின. ஒருவர் ரேடியோ இன்னொருவருக்குக் கேட்கவில்லை, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர், யார் சொல்வதை யார் கேட்பது என்பதிலும் குழப்பம். 13 நாட்களில் 16 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பொதுவான தலைமை முறையை உருவாக்கினார்கள். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெரிய பேரிடர் என்றால் மாவட்டத்தில் ஆட்சியரே பொறுப்பு அலுவலர்.

தலைமை அதிகாரியின் மனதை அரித்துக்கொண்டே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே போனவர்கள் யார் யார், எத்தனை மணிக்குப் போனார்கள், காற்று எவ்வளவு மிச்சம்? மூச்சுக்கருவி சிலிண்டரில் அரை மணி நேரக் காற்று என்று எழுதியிருந்தாலும், படியேறி ஆளைத் தூக்கும்போது அதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் வாசலில் ஒருவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு நிற்க வேண்டும்.

1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தது. வீடற்றவர்கள் சிலர் உள்ளே இருக்கலாம் என்று தகவல் வந்தது. தேடப் போன தீயணைப்போர் இருவர், புகையில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. மேலும் பலர் உள்ளே போகத் துடித்தபோது, மாவட்டத் தலைமை அதிகாரி மைக் மெக்னமீ வாசலை மறித்து நின்று, இனி ஒருவரும் போகக் கூடாது என்று தடுத்தார். தன் ஆட்கள் ஆறு பேர் உள்ளே இருக்க, மற்றவர்களைத் தடுத்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். யாரைத் தேடிப் போனார்களோ அவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். அதை யாரும் சொல்லவில்லை.

நம் ஊரிலும் அந்த வலி உண்டு. 2020 தீபாவளிச் சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்போர் உயிரிழந்தார்கள். சுவரில் புது விரிசலோ கூரையில் தொய்வோ தெரிந்தால், அதிகாரி நீளமாக விசில் ஊதி எல்லோரையும் வெளியே வரச் சொல்வார். பாதி அணைத்த தீயை விட்டுவிட்டு ஓடி வருகிறார்களே என்று அப்போது கத்தாதீர்கள்.

உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. 101-க்கு அழைத்தவர் தெருமுனையில் நின்று வழிகாட்டுங்கள். குடியிருப்பின் வாட்ச்மேனோ சங்கச் செயலாளரோ, யாராவது ஒரே ஒருவர், நேராக அதிகாரியிடம் வாருங்கள். கேஸ் சிலிண்டர் எந்தப் பக்கம், மெயின் சுவிட்ச் எங்கே, ஜெனரேட்டர் ஓடுகிறதா, சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லுங்கள். வெளியே வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடித் தலையை எண்ணுங்கள். "உள்ளே ஆள் இருக்காங்க" என்று மொட்டையாகச் சொல்லாமல், யார், எந்த மாடி, எந்த அறை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் பின்வாசல் வழியாகவோ பக்கத்து மாடி வழியாகவோ வந்துவிட்டது தெரிந்தால், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அதே அதிகாரியிடம் ஓடி வாருங்கள். அவரைத் தேடி எங்கள் ஆட்கள் இரண்டு பேர் உள்ளே போயிருப்பார்கள்.