பழைய செஸ் சாஃப்ட்வேர் ஓடாவிட்டால் பரவாயில்லை, ஆட்டங்களைத் தொலைக்காதீர்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதற்கப்புறம் புது லேப்டாப்பையும் பழைய செஸ் சிடியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சர்வீசுக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செஸ்மாஸ்டர், ஃப்ரிட்ஸ், பேட்டில் செஸ் என்று சிடி மாறும், சொல்வது மட்டும் மாறாது: “காம்பாட்டிபிலிட்டி மோட் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன் சார், ஓட மாட்டேங்குது.”

பழைய புரோகிராம்களுக்காக விண்டோஸில் வைத்திருக்கும் இந்தக் காம்பாட்டிபிலிட்டி மோடைப் பற்றி ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது செய்கிற வேலை ரொம்பக் கொஞ்சம். “இது எந்த விண்டோஸ்?” என்று புரோகிராம் கேட்டால் “பழைய விண்டோஸ் எக்ஸ்பி” என்று பொய் சொல்லும், பழைய விண்டோஸ் நடந்துகொண்ட மாதிரி சில இடங்களில் நடந்துகொள்ளும், அவ்வளவுதான். பழைய விண்டோஸ் அதற்குள் ஒளிந்திருப்பதாக நினைக்காதீர்கள். விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம்கள் 16 பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது, விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும். உள்ளே இல்லாத ஒன்றை டிக் போட்டு வரவழைக்க முடியாது. விண்டோஸ் 95 என்று டிக் போட்டாலும் சரி, எக்ஸ்பி என்று போட்டாலும் சரி, நாள் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டாலும் சரி, வராது. சில சிடிகளில் புரோகிராம் 32 பிட்டாகவே இருக்கும், அதை நிறுவுகிற செட்டப் மட்டும் 16 பிட், அதனால் வாசலிலேயே நின்றுவிடும். 2000-ஐ ஒட்டி வந்த கேம் சிடிகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. அதற்கு வேண்டிய டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதால் விண்டோஸ் 10-லிருந்து கிடையாது, அதற்கு முந்தைய விண்டோஸ்களிலும் 2015 செப்டம்பர் அப்டேட் அதை முடக்கிவிட்டது. இதற்கும் மோடுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து எல்லோரும் செய்வது, “சிடி இல்லாமலே ஓடும்” என்று நெட்டில் கிடைக்கிற கோப்பை இறக்கி, ஆன்டிவைரஸ் கத்தினால் அதையும் அணைத்துவிட்டு ஓட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

இதையெல்லாம் எழுத வைத்தது பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித்தரும் ஒருவருக்கு நேர்ந்தது. எக்ஸ்பி காலத்துச் செஸ் புரோகிராம், விண்டோஸ் 10-லும் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, மாணவர்களின் ஆட்டங்களையெல்லாம் அதில்தான் சேர்த்துவந்தார். யாரோ “ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்க, நல்லா ஓடும்” என்றிருக்கிறார்கள். கொடுத்தார், திறந்தது, ஆட்டங்கள் எதையும் காணோம். பதறிப்போய் அழித்து மறுபடி நிறுவினார். அப்போதும் வரவில்லை என்றதும் ஃபார்மட் செய்யக் கொடுத்துவிட்டார். எங்களிடம் வந்தது அதற்கும் பிறகு.

ஃபார்மட்டுக்கு முந்தைய நொடி வரை அந்த ஆட்டங்கள் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, இந்த மாதிரிப் பழைய புரோகிராம், தான் நிறுவப்பட்டிருக்கும் “புரோகிராம் ஃபைல்ஸ்” ஃபோல்டருக்குள் எழுதப் போனால் விண்டோஸ் அனுமதிக்காது. சத்தமில்லாமல் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் எழுதவைத்து, படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது முழு உரிமையோடு, ஓட்டினால் இந்தத் திசைதிருப்பல் நின்றுவிடும், புரோகிராம் நிஜமான ஃபோல்டரைப் பார்க்கும், அது காலியாக இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லித் தேடுங்கள். ஆட்டங்கள் காணாமல்போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், ஃபார்மட் கடைசி.

ஆட்டங்களைச் சேர்த்துவைக்கும் செஸ்பேஸ், அதே வகைக் கோப்புகளில் சேமிக்கும் ஃப்ரிட்ஸ், இவற்றை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சிபிஎச் என்று முடிகிற கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். அதில் இருப்பது ஆட்டங்களின் தலைப்பு விவரம்தான். நகர்த்தல்கள் இருப்பது சிபிஜி கோப்பில், விளக்கக் குறிப்புகள் வேறொன்றில். அதே பெயரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் புரோகிராமிலேயே பேக்கப் கொடுத்து சிபிவி என்ற ஒற்றைக் கோப்பாக்கிக்கொள்ளுங்கள். கூடவே பிஜிஎன் என்ற பொது வடிவத்தில் நகல் ஒன்றும் எடுத்துவையுங்கள். 1993-ல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த வடிவம் அது, வெறும் எழுத்துக் கோப்பு, இன்றைக்கு இருக்கிற செஸ் புரோகிராம்களில் அதைப் படிக்காததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசேஷக் குறிப்புகள் சில அதில் வராமல் போகலாம், அதனால்தான் இரண்டையும் சொல்கிறேன்.

சரி, பழையதையே ஓட்டியாக வேண்டுமா? விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம் என்றால், டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போதும், இலவசம், 1988-ல் வந்த பேட்டில் செஸ் அதில் நன்றாகவே ஓடும். 1994-ல் லண்டனில் காஸ்பரோவையே தோற்கடித்த செஸ்ஜீனியஸ் புரோகிராமை டாஸில் ஆடிப் பழகியவர்கள் அதை விடமாட்டார்கள், அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. 16 பிட் விண்டோஸ் புரோகிராமுக்கும் பிடிவாதமான 32 பிட்டுக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் வர்ச்சுவல்பாக்ஸில் உங்களிடம் உள்ள எக்ஸ்பியை நிறுவுங்கள், அதன் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வருடங்கள் ஆகிவிட்டன, அதை நெட்டில் விடக் கூடாது. ஆட்டத்தை அலச மட்டும்தான் வேண்டும் என்றால் இந்தப் பாடே வேண்டாம், ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் இலவசம், பழைய எதைவிடவும் பலம்.

சிடி கீறல் விழாமல் இருக்கும்போதே முழு சிடியையும் ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ நகல் எடுத்துவையுங்கள், சீரியல் எண்ணையும் எழுதிவையுங்கள். அப்புறம், லேப்டாப்பை யாரிடமாவது ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பிஜிஎன்னை வேறொரு கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து, கடைசியாகச் சேர்த்த ஆட்டம் கடைசி நகர்த்தல் வரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் கொடுங்கள்.