பாப்டிஸ்ட், ஞானஸ்நானம், முழுக்கு: ஒரு சொல் விளக்கம்

"பாப்டிஸ்ட் சபையா? அது சி.எஸ்.ஐ. மாதிரியா, பெந்தெகொஸ்தே மாதிரியா?" எங்கள் சபையின் பெயரைச் சொன்னதும் பலரும் கேட்கும் கேள்வி இது. பதில் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கிரேக்கச் சொல் ஆங்கிலம் வழியாக ஒலியோடு அப்படியே வந்துவிட்டதால் தமிழ்க் காதுக்கு அது எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் 'பாப்டோ' என்றால் தோய்ப்பது. துணியைச் சாயத்தில் தோய்ப்பதற்கும் அந்த வினைதான். அதிலிருந்து பிறந்த 'பாப்டிஸோ' என்பதற்கு அமிழ்த்துவது, மூழ்கச் செய்வது என்று பொருள். கப்பல் மூழ்குவதைச் சொல்லவும் கிரேக்க ஆசிரியர்கள் இதைக் கையாண்டிருக்கிறார்கள். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், குஷ்டரோகியான நாகமான் யோர்தானில் இறங்கும் இடத்தில் இந்த வினையைத்தான் வைத்தார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம் "யோர்தானில் ஏழுதரம் முழுகினபோது" என்று வருகிறது (2 இராஜாக்கள் 5:14). எவ்வளவு தெளிவான தமிழ்! ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு வந்ததும் அந்த வினைக்கு, கிறிஸ்தவராகும் நீர்ச்சடங்கைக் குறிக்கும் 'ஞானஸ்நானம்' வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்தச் சொல்லில் உள்ள 'ஞானம்' பலரையும் குழப்புகிறது. அறிவு பெறுவதற்கான குளியல் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் 'ஞான' என்ற முன்னொட்டு ஆவிக்குரியது என்பதைக் குறிக்கும். ஞானப்பாட்டு, ஞானத்தகப்பன், ஞானப்பிள்ளை எல்லாம் அந்த வகையில் வந்தவை. ஆக, ஞானஸ்நானம் என்றால் ஆவிக்குரிய நீராடல். இரண்டு பகுதியும் வடசொல். 'ஸ்நானம்' குளிப்பதைச் சொல்கிறது, அழுக்கு நீங்குவதைச் சொல்கிறது. ஆனால் உள்ளே போய் வெளியே வருவதை அது சொல்வதில்லை. பாப்டிஸ்டுகளுக்கு அதுதான் முக்கியம்.

ஏன் முக்கியம் என்று அறிய, அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6-ஆம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு, அவரோடு எழுந்து புதிய வாழ்வு வாழ்வது என்று பவுல் அங்கே இந்தச் சடங்குக்குப் பொருள் சொல்கிறார். ஞானஸ்நானத் தொட்டியில் நடப்பதும் அதுவே. இடுப்பளவு தண்ணீரில் போதகர் பக்கத்தில் நிற்பார். ஒரு கை முதுகுக்குப் பின்னால், இன்னொரு கை மார்பில் கட்டிய கைகளின்மேல். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று சொல்லிப் பின்பக்கமாகச் சாய்ப்பார். பிணத்தைக் கிடத்துவது போலத்தான் அந்தச் சாய்வு. முகத்தின்மேல் தண்ணீர் மூடும். அடுத்த நொடி தூக்கி நிறுத்துவார்.

1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய சபையிலிருந்துதான் பாப்டிஸ்ட் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அங்கே முதல் வாதம் தண்ணீரின் அளவைப் பற்றியதல்ல. விவரம் அறியாத குழந்தைக்குக் கொடுப்பது செல்லுமா என்பதே கேள்வி. விசுவாசித்து, தானே வாய்விட்டு அறிக்கை செய்பவருக்குத்தான் என்றார்கள். முழுக்கு முறை பிறகு உறுதிப்பட்டது. 1644-இல் லண்டன் சபைகள் வெளியிட்ட விசுவாச அறிக்கை, உடல் முழுவதும் நீரில் அமிழ வேண்டும் என்று எழுதியே வைத்தது.

இந்த ஒரு சொல்லுக்காக வாழ்க்கையையே மாற்றிக்கொண்டவர் அதோனிராம் ஜட்சன். 1812-இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு மிஷனரியாகக் கப்பல் ஏறியபோது அவர் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபையைச் சேர்ந்தவர். பயணத்தில் 'பாப்டிஸோ'வை ஆராய்ந்து பார்த்தார். தான் பெற்றது அதுவல்ல என்று முடிவுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் அவரும் அவர் மனைவி ஆனும் முழுக்கு எடுத்தார்கள். அனுப்பிவைத்த சங்கத்தின் ஆதரவையே இழக்க வேண்டிய முடிவு அது. பிறகு பர்மாவுக்குப் போனார். இன்று மியன்மார் பாப்டிஸ்டுகள் பர்மிய மொழியில் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரே 'முழுக்கு' என்ற பொருள் தருவது. அந்த மொழியில் பெயரைக் கேட்டாலே பொருள் புரிந்துவிடும்.

வங்காளத்தில் இது சண்டையாகவே முடிந்தது. பாப்டிஸ்ட் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வினைக்கு அமிழ்த்துதல் என்ற பொருளுள்ள வங்கச் சொல்லைப் போட, வேதாகமச் சங்கம் அதற்கு உதவ மறுத்தது. இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் 1840-இல் மொழிபெயர்ப்புக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் வாக்கு 'திருமுழுக்கு'க்குத்தான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் இந்தச் சொல் நிலைபெற்றுவிட்டது. கத்தோலிக்கர் அதையே பயன்படுத்துகிறார்கள். 'யோவான் ஸ்நானகன்' அதில் 'திருமுழுக்கு யோவான்' ஆகிறார். கத்தோலிக்கத் திருமுழுக்கில் பெரும்பாலும் நீரைத் தலையில் ஊற்றுகிறார்களே, அதற்கு 'முழுக்கு' பொருந்துமா என்று கேட்கலாம். தமிழ் அதற்கும் இடம் தருகிறது. குடமுழுக்கில் கலசத்து நீரை ஊற்றத்தானே செய்கிறார்கள்? ஐப்பசியில் மயிலாடுதுறைக் கடைமுழுக்குக்கு வருகிறவர்களோ காவிரியில் இறங்கி முங்குகிறார்கள். இரண்டும் முழுக்குதான்.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. "குடிக்கு முழுக்குப் போட்டுவிட்டான்" என்கிறோம். உறவை முறித்துக்கொண்டால் "தலைமுழுகிவிட்டேன்" என்கிறோம். இறந்தவருக்காகக் குளிக்கும் வழக்கத்தின் நிழல் அந்தப் பேச்சில் இருக்கிறது. பழைய மனிதன் செத்தான் என்று பவுல் சொன்னதை ஊர்ப்பேச்சே எடுத்துத் தருகிறது. 'ஸ்நானம்' இந்த இடத்துக்கு வந்து சேராது.

அதற்காக யாரும் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. சபையில் "ஞானஸ்நானம் எடுத்துட்டியா?" என்று கேட்பது வழக்கம், கேட்கட்டும். அந்த 'எடுத்தல்' நல்ல வினை. தானே முடிவு செய்து வந்தவர் மட்டுமே 'எடுத்தேன்' என்று சொல்ல முடியும். எழுதும்போது சடங்கைத் 'திருமுழுக்கு' என்றும், விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'விசுவாசியின் முழுக்கு' என்றும் எழுதலாம். பெயர்ப்பலகையில் 'பாப்டிஸ்ட்' அப்படியே இருக்கட்டும். இத்தனை காலம் வழங்கிவந்த பெயர் அது. கேட்பவர்களுக்கு "முழுக்குச் சபை" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்.