செல் உதிர்வு என்று சொன்னால் என்ன?

போன மாதம் புதுச்சேரியில் ஒரு புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் விஷயம் தெரிந்தவர், படங்களும் நல்ல படங்கள். நடுவில் ஓரிடத்தில், "நம்ம உடம்புல தினமும் கோடிக்கணக்கான செல்கள் தற்கொலை பண்ணிக்குது. பண்ணிக்காம அடம்பிடிக்கிற செல்தான் கட்டியாகுது" என்றார். என் பக்கத்து நாற்காலியில் மடியில் ஸ்கேன் கவரோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் பக்கம் சாய்ந்து, "ஏன் சார், அதுங்களுக்கு அப்படி என்ன கஷ்டம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடம் கடலூரில் விலங்கியல் நடத்தியவன் நான்.

மேடையில் பேசியவர் சொன்னது அப்போடோசிஸ் பற்றி, அதாவது செல் ஒழுங்காக, சத்தமில்லாமல் சாவது பற்றி. கிரேக்கத்தில் 'அப்போ' என்றால் விலகி, 'டோசிஸ்' என்றால் விழுதல். பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதற்கு அந்த மொழியில் உள்ள சொல். 1972இல் கெர், வில்லி, கரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரையில் இதற்கு இந்தப் பெயர் வந்தது. எடுத்துக்கொடுத்தவர் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். நடுவில் வரும் இரண்டாவது 'ப்'பை ஒலிக்க வேண்டாம் என்றுகூடக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். இமை தொங்கிப்போவதைக் கண் டாக்டர்கள் டோசிஸ் என்பார்களே, அதே டோசிஸ்தான். வேர் இவ்வளவுதான்.

ஆக, மூலத்திலேயே இலை உதிர்கிறது. தமிழுக்கு வரும்போது மட்டும் ஏன் தூக்குக்கயிறு வருகிறது?

ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியதை அப்படியே பெயர்த்ததால் வருகிறது. இன்னொரு வழியிலும் வந்தது, அதில் எனக்கும் பங்குண்டு. செல்லுக்குள் செரிக்கும் நொதிகளை வைத்திருக்கும் லைசோசோமை 'தற்கொலைப் பை' என்று பாடம் நடத்தியவர்களில் நானும் ஒருவன். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அருமையான விடை. அதனால் இன்றைக்கும் என் பழைய மாணவர்கள் பலர், செல் சாக வேண்டுமென்றால் அந்தப் பை வெடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போடோசிஸில் முக்கிய வேலையைச் செய்வது காஸ்பேஸ் என்ற நொதிகள். செல் சுருங்குகிறது, மரபுப்பொருள் திரண்டு துண்டாகிறது, பிறகு செல்லே சவ்வு மூடிய சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிகிறது. பக்கத்துச் செல்களும் விழுங்கு செல்களும் அவற்றைத் தின்றுவிடுகின்றன. வீக்கமில்லை, சீழில்லை. மரமும் இலையை விடும்முன் அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் ஓர் அடுக்கை வளர்த்துக் காயத்தை மூடிக்கொண்டுதான் விடுகிறது. நெக்ரோசிஸ் என்ற இன்னொரு வகைச் செல் சாவு வேறு கதை. செல் ஊதி வெடித்து, உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டி, அந்த இடமே புண்ணாகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கச் சிரமப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டதே, அது நெக்ரோசிஸ். தை, மாசியில் கொல்லையில் விழும் சருகு, அப்போடோசிஸ்.

தற்கொலை என்ற சொல் கரடுமுரடாக இருக்கிறது என்பது மட்டும் என் புகாரில்லை. அது தப்பான தகவல். சாகும் உத்தரவு பல நேரம் வெளியிலிருந்து வருகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கொல்லும் டி செல் வந்து ஒட்டிக்கொண்டு, எதிரிலிருக்கும் செல்லுக்குள் நொதியைச் செலுத்தி அப்போடோசிஸைத் தொடங்கிவைக்கிறது. வேறொருவன் வந்து முடித்துவிட்டுப் போனதைத் தற்கொலை என்று எழுதினால் காவல்நிலையத்தில்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஒரு சின்னஞ்சிறு புழு, சி. எலிகன்ஸ். அதில் இருபால் புழு வளரும்போது உண்டாகும் 1,090 உடல் செல்களில் 131 சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. எந்த இருபால் புழுவை எடுத்தாலும் அதே 131. இந்த வழியில் போய்த்தான் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் 2002இல் நோபல் பரிசு வாங்கினார்கள். கருவில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு போனதும் இதே வேலையால்தான். விரல் பிரிந்ததைத் தற்கொலை என்பீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மேடைப் பேச்சின்படி தற்கொலை செய்துகொள்வது நல்ல செல்லின் கடமை. நோயாளிகள் நிறைந்த அரங்கில் சொல்லக்கூடிய வாக்கியமா இது?

'திட்டமிட்ட செல் இறப்பு' கொஞ்சம் தேவலை. ஆனால் 'திட்டமிட்ட' என்றாலே நம் காதில் அடுத்து விழுவது சதி அல்லது படுகொலை. தவிர, அது 1960களில் பட்டுப்பூச்சி ஆய்விலிருந்து வந்த வேறொரு சொல்லின் மொழிபெயர்ப்பு. இரண்டும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழாசிரியராக இருந்த நண்பரிடம் புலம்பினேன். அவர் உடனே "வீ" என்றார். உதிர்ந்த பூவுக்கு வீ என்று பெயர், வீதல் என்றால் சாதலும்கூட. "கிரேக்கத்தில் இல்லாத பொருத்தம்யா இது, கலவீவு என்று வை" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. கலம் என்பது இலங்கைத் தமிழர் செல்லுக்குச் சொல்வது, நல்ல சொல். ஆனால் வீவு என்று மேடையில் சொன்னால் அந்த அம்மா யூடியூப் வியூஸ் என்று நினைத்துக்கொள்வார். உரை எழுதிப் புரியவைக்க வேண்டிய சொல் எனக்கு வேண்டாம். அப்போடோசிஸுக்குச் செல் உதிர்வு என்பதே போதும். முடி உதிர்வு என்று ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், கீமோவில் முடி கொட்டுவதே மயிர்க்கால் செல்கள் இப்படி உதிர்வதால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'டோசிஸ்' இப்போது எந்தச் சாவுக்கும் ஒட்டும் வாலாகிவிட்டது. நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ் என்ற வேறு இரண்டு வகைச் சாவுகளிலும் செல் வெடிக்கிறது, உதிர்வதில்லை. 2012இல் பெயர் பெற்ற ஃபெரோப்டோசிஸை ஒருவர் 'இரும்பு உதிர்வு' என்று எழுதியிருந்தார். கடலூரில் இரும்பு உதிர்வு என்றால் உப்புக்காற்றில் கேட் துருப்பிடித்துக் கொட்டுவது. ஃபெரோப்டோசிஸில் நடப்பது, இரும்பு தூண்டிவிட்டுச் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகிக் கெடுவது, பழைய முந்திரிப்பருப்பு காறிப்போவதுபோல. 'கொழுப்புக் காறல்' என்றால்கூட யாருக்கும் புரியும்.

நண்பர் விடவில்லை. காஸ்பேஸ் வேலையைத் தொடங்கிய பிறகும் சில செல்கள் பிழைத்துத் திரும்புகின்றன என்று நானே சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அனஸ்டாசிஸ் என்று பெயர், கிரேக்கத்தில் உயிர்த்தெழல். "உதிர்ந்த இலை கிளைக்குத் திரும்புமா?" என்று மடக்கினார். திரும்பாதுதான். ஆனால் பழுக்கத் தொடங்கியது வேறு, காம்பு விட்டது வேறு. திரும்புகிற செல்லுக்கு 'மீட்சி' என்று வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் வைப்பது நல்லது, யாராவது 'தற்கொலை முயற்சியில் உயிர் தப்பிய செல்' என்று எழுதுவதற்குள்.