யாளியா, ஆளியா, யாழியா?

திருவாரூர்த் தேருக்கு ஆழித்தேர் என்று பெயர். தேரின் மூலையில் முன்துருத்தி நிற்கும் மரவிலங்குக்கு யாளி என்று பெயர். இரண்டும் ஒரே இடத்தில் காதில் விழுவதாலோ என்னவோ, விலங்கின் பெயரையும் 'யாழி' என்று எழுதுகிறார்கள். இது தவறு. ஆழி என்றால் கடல், சக்கரம், மோதிரம். விலங்குக்கு ளகரம்தான்.

வடமொழிச் சிற்பநூல்கள் இதை வியாளம் என்கின்றன. அதிலிருந்தே யாளி பிறந்தது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். ஆனால் வியாளம் பரந்த சொல். கொடிய விலங்கு, பாம்பு, மதங்கொண்ட யானை எல்லாவற்றையும் குறிக்கும். தமிழில் ஆளி என்றால் யானையைக் கொல்லும் குறிப்பிட்ட ஒரு விலங்கு. காவிரி நாட்டை ஆண்ட கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் 'ஆளி நன்மான் அணங்குடைக் குருளை' என்று வருகிறது. பால்குடி மறவாத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தியதுபோல அவன் பகைவரை வென்றான் என்பது உவமை. அடியின் தொடக்கத்தில் யகரம் இல்லாமல் ஆளி என்றே நிற்கிறது.

யகரம் எங்கிருந்து வந்திருக்கும்? பெரும்பாணாற்றுப்படையில் 'அணங்குடையாளி' என்று வருமிடத்தைப் பாருங்கள். 'அணங்குடை யாளி' என்றும் பிரிக்கலாம், 'அணங்குடை ஆளி' என்றும் பிரிக்கலாம். இரண்டாவதில் யகரம் வெறும் உடம்படுமெய். யானை–ஆனை, யாமை–ஆமை என்று இரு வடிவங்களும் புழங்கிய மொழியில் யாளி நிலைத்தது வியப்பில்லை. ஆளியே தமிழ்ச் சொல் என்பதுதான் எங்கள் முடிவு. வியாளம் அதனோடு பின்னால் வந்து கலந்திருக்கலாம்.

கல்லில் இந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நாயக்கர் காலத் தூண்களில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் யாளியின் காலடியில் பல இடங்களில் யானை கிடக்கும். சங்கப்பாட்டின் பகைதான் அது. அதே யாளிக்குத் துதிக்கை இருப்பதும் உண்டு. அது யானையாளி, சிற்பிகள் வழக்கில் கஜயாளி. சிங்கமுகம் என்றால் சிம்மயாளி. அரியாளி என்றும் சொல்லலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் (1010) விமானத்தின் தாங்குதளத்து (அடிப்பீடத்து) மேல்விளிம்பில் வரிசையாக ஓடுவது யாளிவரி. வரி முடியும் இடத்தில் வாய்பிளந்து நிற்பது யாளி இல்லை, மகரம். எல்லோரும் தடுமாறும் இடம் இது. யாளிக்குப் பிதுங்கிய கண், கோரைப்பல், பிடரிமயிர், சிங்க உடல். மகரம் நீர்விலங்கு: முகவாய் மேல்நோக்கிச் சுருளும், வால் இலைக்கொடியாக விரியும். சுறவம் என்பது அதன் தமிழ்ப்பெயர். சுவாமிமலையில் வார்க்கும் உலோகத் திருமேனிகளைச் சுற்றி வளையும் திருவாசி புறப்படுவதும் பெரும்பாலும் மகரத்தின் வாயிலிருந்துதான். திருவாசியின் உச்சியில் இருப்பது கீர்த்திமுகம், அதாவது உடலில்லாத சிங்கமுகம். பழம்பொருள் விற்பவர்கள் மூன்றையும் 'டிராகன்' என்று எழுதுவது வருத்தம் தருகிறது. சீனத்து டிராகனுக்குப் பாம்புடலும் செதிலும் உண்டு. அதற்கும் இவற்றுக்கும் உறவில்லை.

தஞ்சாவூர் வீணையின் தண்டி நுனியில் கீழ்நோக்கி வளைந்திருப்பது உண்மையான யாளிமுகம். 7 தந்திகளில் எதுவும் அதுவரை போவதில்லை. இழுவிசையைப் பிரடைகள் (தந்தியை முறுக்கும் முளைகள்) தாங்குகின்றன. ஆகவே யாளிமுகம் உடைந்தாலும் நாதம் கெடாது. இடித்து உடைவது அடிக்கடி நடப்பதால் புதுமுகம் வைத்து வண்ணம் பூசிவிடுவார்கள். முகத்தை வைத்து வீணையின் வயதைக் கணிக்கக் கூடாது. குடத்தின் பலாமரத்தையும் ஒட்டுவாயையும் பார்க்க வேண்டும்.

தேரிலிருந்து கழன்ற மரயாளி விலைக்கு வந்தால், குழிவுகளில் எண்ணெய்ப்பிசுக்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழையதில் கருமை திட்டுத்திட்டாக இருக்கும்; சாயம் ஏற்றியதில் ஒரே சீராக இருக்கும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

பழம்பொருள் பட்டியலில் இதன் பெயரை எப்படி எழுதுவது? தனித்து 'ஆளி' என்றால் ஆளிவிதையும் தொழிலாளியும் குறுக்கே வரும். எனவே பொருளின் பெயராக யாளி போதும்; சொல்வரலாறு பேசும்போது ஆளி.