கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?

வன்னியில் எத்தனையோ வீடுகளுக்கு ரொறன்ரோ என்றால் மகன் இருக்கிற ஊர், சித்தி இருக்கிற ஊர். அது எந்தப் பக்கம் என்று கேட்டால் மேற்கே கை காட்டுவோம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படம் அப்படிப் பழக்கிவிட்டது. அதில் கிளிநொச்சியையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்து இணைத்தால், கோடு அரபிக்கடல், சகாரா, அத்திலாந்திக் என்று போகும். அதன்படி பறந்தால் சுமார் 16,000 கிலோமீற்றர்.

இப்போது ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலொன்றை இறுக்கிப் பிடியுங்கள். நூல் பரந்தன், ஆனையிறவு இருக்கிற வடக்குத் திசையில், சற்றே மேற்கே சாய்ந்து கிளம்பும். இந்தியா, கசகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட பனிக்கடலைத் தாண்டிக் கனடாவுக்குள் இறங்கும். நீளம் ஏறத்தாழ 13,800 கிலோமீற்றர்தான். நெட்டாங்குக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கி, துருவத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. தட்டைப் படமோ அவற்றை எங்கும் ஒரே இடைவெளியில் வரைந்து, வடக்கை இழுத்து அகலமாக்கிவிடுகிறது.

நம்மவர்கள் பெரும்பாலும் துபாயிலோ டோஹாவிலோ விமானம் மாறித்தான் போகிறார்கள். அதனால் தூரம் கொஞ்சம் கூடும். துபாயிலிருந்து ரொறன்ரோ சுமார் 11,000 கிலோமீற்றர்.

தூரம் சரி, திரும்பி வரும்போது ஏன் நேரம் குறைகிறது? பூமி கிழக்கே சுழல்வதால் என்று பலர் சொல்வார்கள். அது நேரடிக் காரணம் அல்ல. ஓடுகிற யாழ்தேவிக்குள் நாணயத்தை மேலே சுண்டினால் அது கைக்கே திரும்பி வருகிறது அல்லவா, அதுபோலக் காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

ஆனால் சுழற்சிக்கு வேறொரு பங்கு உண்டு, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பூமத்திய ரேகையில் நிலம் மணிக்கு 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 45 பாகையில் அது 1,180 மட்டுமே. வெப்பவலயத்தில் சூடாகி எழுந்து வடக்கே போகும் காற்று, தன் பழைய வேகத்தை விடாமல் போவதால் கீழே உள்ள நிலத்தை முந்துகிறது. தென்புற வெப்பத்துக்கும் வடபுறக் குளிருக்கும் உள்ள வேறுபாடு அதை இன்னும் வலுப்படுத்தும். இப்படித்தான் 10 கிலோமீற்றர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் அதே மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. மாரிகாலத்தில் அதன் வேகம் மிக அதிகம்.

கணக்குப் போடுவோம். விமானத்தின் வேகம் 900, சராசரி எதிர்க்காற்று 50 என்றால், 11,000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 13 மணித்தியாலம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் பதினொன்றரை.

கடிகாரம் வேறு குழப்பும். கோடையில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். திங்கள் அதிகாலை 3 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறி 24 மணித்தியாலம் பயணித்தவர், அங்கே திங்கள் மாலை 5.30க்கு இறங்குவார். ரிக்கற்றில் பதினாலரை மணித்தியாலம் போலத் தெரியும். அதே திங்கள் மாலை 5.30க்கு அங்கே ஏறி 22 மணித்தியாலத்தில் வருபவர், இங்கே இறங்குவது புதன் அதிகாலை 1 மணிக்கு. ஏ9 வீதியால் வான் பிடித்துக் கூட்டிவரப் போகிறவர்கள் செவ்வாய் இரவே புறப்பட்டுவிட வேண்டும்.